காலுக்குக் கொடுத்த காசு

ரேஸ் கேமுக்கு ஸ்டியரிங் வாங்க வருகிறவர்களைக் கடைகளில் கவனித்திருக்கிறேன். காட்சிக்கு வைத்திருக்கும் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமும் சுற்றுவார்கள். தோல் உறையைத் தடவிப் பார்ப்பார்கள். பின்னால் இருக்கும் கியர் பேடில்களைச் சொடுக்கிக் காது கொடுத்துக் கேட்பார்கள். கீழே தரையில் மூன்று பெடல்கள் இருக்கும். அவற்றை யாரும் குனிந்துகூடப் பார்ப்பதில்லை. ஸ்டியரிங்கோடு சேர்ந்து வருகிற பொருள்தானே என்ற நினைப்பு. நான் எழுத வந்தது அந்த மூன்று பெடல்களைப் பற்றி. அதிலும் நடுவில் இருக்கிற பிரேக்கைப் பற்றி.

நான் கோவையில் எலக்ட்ரானிக் தராசு சர்வீஸ் செய்கிறவன். நகைக்கடையில் மில்லிகிராம் பார்க்கும் தராசு முதல் லாரியை ஏற்றி நிறுத்தும் எடைமேடை வரை எது தகராறு செய்தாலும் கூப்பிடுவார்கள். பகலில் அந்த வேலை. ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் முன்னறை மூலையில் இருக்கும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கார் பந்தயம் ஓட்டுகிறேன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. தொழிலில் கூட இருப்பவர்களிடம் வெகுகாலம் இதைச் சொன்னதில்லை. வீட்டுக்கு உறவினர் வந்தால் ஸ்டியரிங் மேல் ஒரு போர்வையைப் போர்த்திவிடுவேன். வெறும் வெட்கம் என்று அதைச் சொல்ல மாட்டேன். நான் உயிராக நினைக்கிற ஒன்றை இன்னொருவர் பையன்கள் விளையாட்டு என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாரோ என்ற பயம்.

இந்த ஆசை எங்கே பிடித்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். 2003இல் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீடுவே வந்தது. மாருதி எஞ்சினை வைத்து, செலவு குறைந்த ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை நம் நாட்டிலேயே உருவாக்கிய எஸ். கரிவரதனின் பெயரால் அமைந்த டிராக் அது. சுற்றளவு 2 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். 2005இல் எங்கள் ஊர்க்காரர் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா 1 ஓட்டினார். இந்தியாவிலிருந்து அந்தப் பந்தயத்துக்குப் போன முதல் ஆள். அந்தக் காலத்தில் பந்தயம் நடக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் நான் செட்டிபாளையத்தில்தான் இருப்பேன். நேர்பாதை முடிந்து வளைவு தொடங்குகிற இடமாகப் பார்த்து நின்றுகொள்வேன். ஃபார்முலா எல்ஜிபி கார்கள் வரிசையாக வந்து அங்கே பிரேக் அடிக்கும். எல்லாக் காரும் ஒரே வகை, ஒரே எஞ்சின். ஆனாலும் சிலர் வரும்போது காரின் மூக்கு ஒரே அழுத்தாகத் தாழ்ந்து, வளைவுக்குள் போகப் போக மெல்ல மெல்ல நிமிரும். சிலர் வரும்போது மூக்கு தாழும், எழும், மறுபடி தாழும், டயர் பூட்டிக்கொண்டு புகை வரும். முதல் வகை ஆட்கள்தான் கடைசியில் முன்னால் இருப்பார்கள். பந்தயம் ஜெயிக்கிற இடம் அதுதான் என்று அந்த வேலியோரத்தில் எனக்குப் பட்டது.

அந்தக் காரில் உட்கார எனக்கும் ஆசை இருந்தது. லைசென்ஸ், டயர், பயிற்சி என்று சேர்த்தால் ஒரு சீசனுக்கு லட்சங்களில் வரும். சம்பளக்காரனால் முடியாது. அந்த வருத்தம் இன்றைக்கும் போகவில்லை. அதனால்தான் கேமில் ஓட்டுவதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. லேசாக எடுத்துக்கொள்ளாதவர்கள் உலகத்தில் நிறையப் பேர். நிஸானும் பிளேஸ்டேஷனும் சேர்ந்து 2008இல் ஜிடி அகாடமி என்று ஒரு போட்டி தொடங்கின. கிரான் டூரிஸ்மோ கேமில் வேகமாக ஓட்டுகிறவர்களைத் தேடிப் பிடித்து நிஜக் காரில் ஏற்றிய போட்டி. அதன் முதல் வெற்றியாளர் ஸ்பெயின்காரர் லூகாஸ் ஓர்டோனெஸ். 2011 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் அவர் இருந்த அணி எல்எம்பி2 பிரிவில் இரண்டாவதாக வந்தது. 2011இல் ஜிடி அகாடமியை வென்ற ஜேன் மார்டன்பரோ 2013இல் அதே லெ மானில் அதே பிரிவில் மூன்றாம் இடம் பெற்ற அணியில் இருந்தார். கையும் காலும் கேமில் பழகியது வீண் போகாது என்பதற்கு எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

ஸ்டியரிங் சமாசாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள்.

ரேஸ் ஸ்டியரிங்குக்குள் ஒரு மோட்டார் இருக்கும். முன்சக்கர டயர்கள் தங்களை நேராக்கிக்கொள்ள எவ்வளவு விசையோடு இழுக்கின்றன என்று கேம் கணக்கிட்டு, அந்த விசையை மோட்டார் வழியாக நம் கைக்கு அனுப்பும். ஃபோர்ஸ் ஃபீட்பேக் என்பது அதுதான். டயர் பிடி விட ஆரம்பித்தால் கையில் கனம் குறையும். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிடும். மோட்டாரின் சுழற்சியைக் கைக்குக் கொண்டுவர மூன்று வழிகள். லாஜிடெக்கின் 2006 ஜி25 முதல் 2015 ஜி29, ஜி920 வரைக்கும் பல்சக்கரம்தான். விசை 2 நியூட்டன் மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். நேர்பாதையில் லேசாகக் கடகடக்கும், ஆனால் வருஷக்கணக்கில் உழைக்கும். த்ரஸ்ட்மாஸ்டரின் டி300 மாதிரி ஸ்டியரிங்குகளில் பெல்ட். வழுவழுப்பு அதிகம், விசையும் அதிகம். மூன்றாவது டைரக்ட் டிரைவ். மோட்டாரின் ஷாஃப்டிலேயே ஸ்டியரிங்கை மாட்டிவிடுவது. ஒரு காலத்தில் அதன் விலையைக் கேட்டாலே விலகிப் போக வேண்டியிருக்கும். 2021இல் ஃபனாடெக் கொண்டுவந்த சிஎஸ்எல் டிடி 5 நியூட்டன் மீட்டர், பெரிய பவர் சப்ளை போட்டால் 8. பிறகு மோஸாவின் ஆர்5, ஆர்9 வந்தன. விலை இறங்கியது.

இந்த நியூட்டன் மீட்டர் எண்ணைப் பார்த்துத்தான் பலரும் மயங்குகிறார்கள். எண் பெரிதாக இருப்பதில் நிஜமான பயன் உண்டு. கேம் அனுப்புகிற விசை மோட்டாரின் உச்சத்தைத் தாண்டிவிட்டால், அதற்கு மேல் வருகிற மேடுபள்ளம் எல்லாம் ஒரே மட்டமாக வெட்டுப்பட்டுவிடும். இதைக் கிளிப்பிங் என்பார்கள். வேகமான வளைவில், கார் உச்சப் பிடியில் இருக்கிற நேரத்தில்தான் இது நடக்கும். நமக்குத் தகவல் மிகவும் வேண்டியிருக்கும் நேரத்தில் கை மரத்துப்போகும். ஆனால் 2 நியூட்டன் மீட்டர் ஸ்டியரிங்கிலும் கேம் செட்டிங்கில் மொத்த விசையைக் கொஞ்சம் குறைத்துவிட்டால் அந்த விவரங்கள் திரும்பி வரும். கனம் குறையும், தகவல் நிற்கும். அதனால் என் அபிப்பிராயத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். மோட்டார் இல்லாமல் ரப்பர் கயிற்றால் இழுத்துக் கட்டி, அதிர்வு மட்டும் தருகிற மலிவான செட்டுகளை விட்டுவிடுங்கள். மோட்டார் உள்ள எந்த நல்ல ஸ்டியரிங்கும் போதும். சுழற்சி 900 பாகை இருந்தால் சாதாரண ரோட்டுக் காரையும் பந்தயக் காரையும் அதில் ஓட்டலாம். மிச்சக் காசு காலுக்குப் போகட்டும்.

ஏன் காலுக்கு?

என் முதல் செட்டின் பிரேக் பெடல் தூரத்தை அளப்பது. பெடல் சுழலும் அச்சில் ஒரு பொட்டன்ஷியோமீட்டர். பழைய ரேடியோவின் வால்யூம் குமிழுக்குள் இருந்த அதே சாமான். பெடல் எவ்வளவு தூரம் கீழே போனது என்று அது சொல்லும், கேம் அதையே பிரேக்கின் அளவாக எடுத்துக்கொள்ளும். அசெட்டோ கோர்ஸா என்ற கேமில் டாட்டூஸ் எஃப்ஏ01 என்று ஒரு சின்ன ஃபார்முலா கார் உண்டு. அதில் ஏபிஎஸ் கிடையாது. பிரேக் கொஞ்சம் கூடினால் முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும். அந்தக் காரை மொன்ஸா டிராக்கில் ஓட்டுவது எனக்குப் பிடித்தமான பயிற்சி. நீண்ட நேர்பாதை முடிகிற இடத்தில் ஒரு குறுகலான வலது, உடனே இடது. முழு வேகத்தில் வந்து, ஓரத்துத் தூரப் பலகையைப் பார்த்து, பிரேக் அடித்து, காரை அதற்குள் செருக வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் அதே பலகையில், அதே மாதிரிதான் அழுத்துகிறேன் என்று காலுக்குத் தோன்றும். கார் ஒரு சுற்றில் பூட்டிக்கொண்டு நேராகப் போகும், அடுத்த சுற்றில் வளைவுக்கு வெகுமுன்னாலேயே நின்றுவிடும்.

பெடல் அசைவைக் கோடாக வரைந்து காட்டுகிற வசதி அந்தக் கேமில் உண்டு. ஒரு ராத்திரி அந்தக் கோடுகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். முதல் அழுத்தம் ஒரு சுற்றில் 70 சதவீதம், இன்னொன்றில் 85, மற்றொன்றில் 75. என் தொழிலில் ஒரே எடைக்கல்லை வைத்து எடுத்து, வைத்து எடுத்துப் பார்ப்போம். ஒவ்வொரு முறையும் ஒரே எண் காட்ட வேண்டும். காட்டாத தராசுக்கு முத்திரை போட மாட்டார்கள். அந்தக் கோடுகளைப் பார்த்ததும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. எண் மாறுகிறது என்றால் வைக்கிற கையைக் குறை சொல்வதற்கு முன்னால் அளக்கிற கருவியைப் பார்க்க வேண்டும்.

நிஜக் காரில் என்ன நடக்கிறது என்று யோசித்தேன். ஆக்ஸிலரேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பெடல் எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு எஞ்சின் காற்றுவழி திறக்கும். அது தூரத்தின் வேலை. கிளட்சும் அப்படித்தான், பிடிக்கிற இடம் என்று ஒன்று இருக்கிறது, அதுவரை தூரம். பிரேக் மட்டும் வேறு ஜாதி. அதை மிதித்தால் உள்ளே இருக்கும் எண்ணெய் நகர்ந்து, பிரேக் பேட் டிஸ்க்கைத் தொடும். தொட்ட பிறகு பெடல் நகர இடமே இல்லை. அதற்கு மேல் நாம் கொடுப்பதெல்லாம் விசை மட்டும்தான். இரண்டு மடங்கு அழுத்தினால் எண்ணெயின் அழுத்தம் இரண்டு மடங்கு, பேட் டிஸ்க்கைக் கவ்வுவது இரண்டு மடங்கு. பெடல் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கும். ரோட்டில் ஓடும் கார்களில் பூஸ்டர் இருப்பதால் நமக்கு இந்தக் கனம் தெரிவதில்லை. ஃபார்முலா பந்தயக் கார்களில் பொதுவாகப் பூஸ்டர் வைப்பதில்லை. ஃபார்முலா 1 ஓட்டுநர் பெரிய பிரேக்கிங் இடங்களில் 100 கிலோவுக்கும் மேல் காலால் அழுத்துகிறார்.

அப்படியானால் பிரேக் பெடல் என்பதே ஒரு தராசு. இத்தனை வருஷம் தராசோடு வாழ்ந்தவன் காலடியில் தூரம் அளக்கிற பெடலை வைத்துக்கொண்டு எடையைத் தேடியிருக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் த்ரஸ்ட்மாஸ்டர் டி-எல்சிஎம் பெடலைப் பற்றிப் படித்தேன். அதன் விவரக் குறிப்பில் பிரேக்குக்கு லோடு செல், 100 கிலோ வரை என்று இருந்தது. இருக்கையை விட்டு எழுந்துவிட்டேன். லோடு செல் என் தினசரிச் சோறு. அன்றைக்குப் பகலில்கூட ஒரு மண்டியில் ஈரம் இறங்கிக் கெட்டுப்போன லோடு செல்லை மாற்றிவிட்டு வந்திருந்தேன்.

லோடு செல் என்பது பார்ப்பதற்கு ஒரு அலுமினியக் கட்டை அல்லது எஃகுத் துண்டு. அதில் மெலிதாகக் குடைந்த இடத்தில் நான்கு ஸ்ட்ரெயின் கேஜ்களை ஒட்டியிருப்பார்கள். நகத்தளவு தாளில் கம்பியை மடித்து மடித்து வரைந்த மாதிரி இருக்கும். மேலே பாரம் ஏறினால் உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். கம்பி நீளும், மெலியும், அதன் மின்தடை கூடும். மறுபக்கம் இருப்பது சுருங்கும், தடை குறையும். கம்பியை இழுத்தால் தடை மாறும் என்பதை 1856லேயே கெல்வின் பிரபு சொல்லிவிட்டார். அதை உலோகத்தில் ஒட்டி அளக்கும் உபாயத்தை 1938இல் அமெரிக்காவில் எட்வர்ட் சிம்மன்ஸ், ஆர்தர் ரூஜ் என்ற இருவர் ஒருவரை ஒருவர் அறியாமல் கண்டுபிடித்தார்கள். நான்கையும் வீட்ஸ்டன் பிரிட்ஜ் முறையில் இணைத்து 5 வோல்ட் கொடுத்தால், முழுப் பாரத்துக்கும் சேர்த்து வெளியே வருவது 10 மில்லிவோல்ட் அளவுதான். அந்தப் பொடி மின்னழுத்தத்தைப் பெரிதாக்கிப் படிப்பதில்தான் எங்கள் தொழிலின் சூட்சுமம் எல்லாம் இருக்கிறது. உரசுகிற பாகம் எதுவும் இல்லாததால் தேய்மானமும் இல்லை. பொட்டன்ஷியோமீட்டரில் தூசி புகுந்தால் கால் வைக்காமலே பிரேக் துள்ளும். லோடு செல்லில் அந்தத் தொல்லை கிடையாது.

புதிதாக வாங்காமல் நானே ஒன்று செய்துவிடலாம் என்று இறங்கினேன். கையில் 200 கிலோ எஸ் வடிவ லோடு செல் ஒன்று சும்மா இருந்தது. காலின் வேகத்தில் ஒரு உதை விழுந்தாலும் தாங்க வேண்டும் என்று கொஞ்சம் பெரிதாகவே எடுத்தேன். பெடலுக்கும் செல்லுக்கும் நடுவில் பாலியூரித்தேன் புஷ்களை அடுக்கினேன். மில் இயந்திரங்களுக்குப் போடுவது, எங்கள் ஊரில் எல்லா ஸ்பேர் கடையிலும் கிடைக்கும். அது இல்லாவிட்டால் சுவரை மிதிப்பது போல் இருக்கும். புஷ் இருந்தால் முதலில் கொஞ்சம் இறங்கி, பிறகு இறுகும். பேட் டிஸ்க்கைத் தொடுகிற அந்த இடம் காலுக்குத் தெரியும்.

படிக்கிற சிப் விஷயத்தில்தான் நிறையக் கற்றுக்கொண்டேன். சின்னத் தராசுகளில் எங்கும் இருக்கிற எச்எக்ஸ்711 சிப் வினாடிக்கு 10 முறை படிக்கும், சிப்பின் ஒரு முனையை மாற்றி இணைத்தால் 80 முறை. 24 பிட் நுணுக்கம். தராசுக்கு அது பொன்னான சிப். தராசில் நாங்கள் எதிர்பார்ப்பது எண் அடங்குவதை. தட்டில் வெங்காயத்தைக் கொட்டினால் எண் ஆடும். ஆடுகிற வரை காத்திருந்து, அடங்கியதும் காட்ட வேண்டும். பெடலில் எனக்கு வேண்டியது அந்த ஆட்டமேதான். கால் அழுத்துகிற முதல் கணத்தின் ஏற்றமும், விடும்போது இறங்குகிற சரிவும்தான் காரை ஓட்டுகின்றன. வினாடிக்கு 80 என்றால் ஒரு படிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் 12.5 மில்லிசெகண்ட். 250 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் கார் முக்கால் மீட்டருக்கு மேல் போய்விடும். ஆகவே ஐஎன்ஏ125 என்ற ஆம்ப்ளிஃபயர் சிப்பைப் போட்டு, மின்னழுத்தத்தை நிறுத்தாமல் பெரிதாக்கி, யூஎஸ்பி கேம் கன்ட்ரோலர் போர்டில் கொடுத்தேன். 12 பிட், அதாவது 4096 படிகள். கால் அதற்கு மேல் நுணுக்கம் கேட்காது. அளவின் நுணுக்கம் ஒன்று, அளவின் வேகம் வேறொன்று. இத்தனை வருஷத் தொழிலில் இந்த இரண்டையும் நான் பிரித்து யோசித்ததே இல்லை. பிரிக்கக் கற்றுக்கொடுத்தது இந்தப் பெடல்.

அதற்கு அடிச்சட்டம் வேண்டும். குறிச்சி சிட்கோ பக்கம் எனக்குத் தெரிந்த வெல்டிங் பட்டறைக்குப் படத்தைக் கொண்டுபோனேன். பட்டறைக்காரர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பிரேக் டெஸ்ட் பண்ற மெஷினுங்களா?”

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. “இல்லீங்க. கம்ப்யூட்டர்ல கார் ரேஸ் ஓட்டறதுக்கு. எனக்குத்தானுங்க” என்றேன். வெளியாள் ஒருவரிடம் நான் அதைச் சொன்னது அதுவே முதல் முறை.

அவர் சிரிக்கவில்லை. “எவ்வளவு வெயிட் வருமுங்க கால்ல?”

“எழுபது, எண்பது கிலோ வரைக்கும் வரலாமுங்க.”

“அப்ப இந்த மூலை வளைஞ்சு போயிருமுங்க. உள்ளார ஒரு முக்கோணத் தகடு வெச்சுப் பத்தவெச்சரலாம்” என்று சாக்பீஸை எடுத்துக் கோடு போட்டார். பெடலின் உயரத்தையும் சாய்வையும் என்னைத் தரையில் உட்கார வைத்து அளந்துகொண்டார். கூலி பேசும்போதுகூட அது விளையாட்டுச் சாமான் என்ற பேச்சே அவரிடம் வரவில்லை. நான் போர்வை போர்த்துவதை நிறுத்தியது அதற்குப் பிறகுதான்.

லோடு செல் பெடல் வாங்குகிறவர்களோ செய்கிறவர்களோ அடுத்தபடியாக மோதுகிற இடம் நாற்காலி. சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து 40 கிலோ மிதித்தால் நாம் பின்னால் போவோம், பெடல் முன்னால் போகும். பெடல் பலகையைச் சுவரில் முட்டுக்கொடுத்தால் அது நிற்கும், நாற்காலி நிற்காது. நாற்காலியையும் பெடலையும் ஒரே சட்டத்தில் கட்ட வேண்டும், அப்போதுதான் கால் கொடுக்கிற விசை அந்தச் சட்டத்துக்குள்ளேயே சுற்றி அடங்கும். 40க்கு 40 மில்லிமீட்டர் அலுமினிய ப்ரொஃபைலில் இந்தச் சட்டத்தை, அதாவது ரிக்கை, கட்டுவது அழகு. இடமோ காசோ இல்லாதவர்கள் நாற்காலிக் காலையும் பெடல் சட்டத்தையும் கெட்டியான நாடா பெல்ட்டால் இணைத்துவிட்டாலும் போதும். இதைச் செய்யாமல் விலை உயர்ந்த பெடல் வாங்கினால் பாதி விசைக்கு மேல் கொடுக்கவே மாட்டீர்கள், கொடுக்கப் பயமாக இருக்கும்.

காலிபரேஷனிலும் ஒரு விஷயம் உண்டு. 100 கிலோ செல் என்பதற்காக 100 கிலோவில் முழு பிரேக் என்று வைக்கக் கூடாது. களைத்துப்போன கடைசிச் சுற்றிலும் தொடை நடுங்காமல் எவ்வளவு விசையைத் திரும்பத் திரும்பக் கொடுக்க முடிகிறதோ அதை 100 சதவீதம் என்று வையுங்கள். நான் 45 கிலோவில் வைத்திருக்கிறேன். வெறுங்காலில் ஓட்டுவேன், தகட்டின் மேல் ஒரு ரப்பர் ஷீட் ஒட்டியிருக்கிறது. பதின்வயதுப் பிள்ளைக்கு 25 கிலோகூடப் போதும். எண்ணில் பெருமை ஒன்றும் இல்லை. ஒரே அழுத்தம் ஒரே எண் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

மொன்ஸாவில் அந்தக் குறுகலுக்கு இப்போது வரும்போது கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று படிகின்றன. முதல் அழுத்தத்தை நான் யோசிப்பதே இல்லை, தொடை அந்தக் கனத்தைத் தானாகவே எடுத்துக்கொள்கிறது. யோசனை எல்லாம் விடுவதில் போகிறது. வேகமாக வரும்போது டயருக்குப் பிடி அதிகம், அங்கே முழு பிரேக். வேகம் குறையக் குறைய விசையைக் குறைக்க வேண்டும். ஸ்டியரிங் திரும்ப ஆரம்பித்ததும் டயர் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது, திருப்பவும் வேண்டும், நிறுத்தவும் வேண்டும். ஒன்றுக்குக் கொடுப்பதை மற்றொன்றிலிருந்து எடுத்தாக வேண்டும். கடைசி 10, 15 சதவீதத்தை வளைவுக்குள் இழுத்துக்கொண்டே போய், காரின் மூக்கில் பாரத்தை வைத்திருந்து, மெதுவாக விடுவது. இதை டிரெயில் பிரேக்கிங் என்கிறார்கள். செட்டிபாளையம் வேலியோரத்தில் நான் பார்த்த, மூக்கு மெல்ல மெல்ல நிமிர்ந்த கார்கள் இதைத்தான் செய்துகொண்டிருந்தன. தூரம் அளக்கிற பெடலில் இந்தக் கடைசி 10 சதவீதம் கணுக்காலின் சின்ன அசைவுக்குள் ஒளிந்துகிடக்கும். விசை அளக்கிற பெடலில் 45 கிலோவிலிருந்து 5 கிலோ வரை இறங்கி வர ஒரு பெரிய சரிவே இருக்கிறது.

போன தீபாவளிக்கு முன்னால் திருப்பூரிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து முதல் போனஸ் வாங்கியிருந்தான்.

“மாமா, எட்டு நியூட்டன் மீட்டர் டைரக்ட் டிரைவ் ஒண்ணு பார்த்து வெச்சிருக்கறனுங்க. எடுத்துரட்டுங்களா?”

“பெடல் என்னடா கண்ணு வருது அதோட?”

“பெடலுக்குக் காசு பத்தலைங்க மாமா. சாதாரண ரெண்டு பெடல் செட்டு இருக்குது. அத வெச்சு ஓட்டிக்கறனுங்க.”

“எதுல ஓட்டப் போற? கம்ப்யூட்டரா?”

“இல்லீங்க, பிஎஸ்5.”

இங்கே இன்னொரு சங்கதி இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஸ்டியரிங் ஒரு கம்பெனி, பெடல் இன்னொரு கம்பெனி, ஹேண்ட்பிரேக் வீட்டில் செய்தது என்று எதை வேண்டுமானாலும் தனித்தனி யூஎஸ்பியில் சொருகலாம். பிளேஸ்டேஷனிலும் எக்ஸ்பாக்ஸிலும் அந்தச் சுதந்திரம் இல்லை. உரிமம் பெற்ற ஸ்டியரிங்கைத்தான் அவை ஏற்கும், பெடலையும் பொதுவாக அந்த ஸ்டியரிங்கின் அடிப்பாகத்திலேயே சொருகியாக வேண்டும். ஜி29 பிளேஸ்டேஷனுக்கு, ஜி920 எக்ஸ்பாக்ஸுக்கு என்று ஒரே சாமானைப் பிரித்து விற்பதே இதனால்தான். நான் செய்த பெடலை அவனுக்குக் கொடுத்தால்கூட அவனால் மாட்ட முடியாது. ஆகவே ஸ்டியரிங் வாங்குகிற அன்றைக்கே, அதே கம்பெனியில் பின்னால் என்ன லோடு செல் பெடல் சேர்க்க முடியும் என்று பார்த்துவிட வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை வீட்டுக்கு வரச்சொல்லி என் ரிக்கில் உட்கார வைத்தேன். என் ஸ்டியரிங் இன்றைக்கும் பல்சக்கர வகைதான். அவன் பார்த்து வைத்திருந்த விசையில் கால் பங்கு கொஞ்சம் கூடலாக இருக்கும். நான் எதுவும் விளக்கவில்லை. மாலை வரை ஓட்டினான். இறங்கும்போது ஸ்டியரிங்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. குனிந்து அந்த புஷ்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

கடைசியில் யாரோ ஓட்டி வைத்திருந்த டி300 ஒன்றும், அதன் அடியில் நேராகச் சொருகக்கூடிய டி-எல்சிஎம் பெடல் ஒன்றும் வாங்கினான். அந்தப் பெடலோடு வெவ்வேறு கடினத்தில் ஆறு ஸ்பிரிங்குகள் வருகின்றன, காலுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம். பழைய ஸ்டியரிங் வாங்கும்போது பார்க்க வேண்டியதை அவனுக்குச் சொல்லியிருந்தேன், உங்களுக்கும் ஆகும். அரை மணி நேரம் விடாமல் ஓட்டிப் பாருங்கள், சூடேறியதும் விசை குறைகிறதா என்று தெரியும். நடுவில் வைத்து லேசாக ஆட்டிப் பாருங்கள், மோட்டார் பிடிப்பதற்கு முன் எவ்வளவு சும்மா ஆடுகிறது என்று தெரியும். பெடலைக் கேமின் செட்டிங் பக்கத்தில் திறந்துவைத்து, மெதுவாக அழுத்தி மெதுவாக விடுங்கள். திரையில் பட்டை தாவாமல் ஏறி, தாவாமல் இறங்கி, கால் எடுத்ததும் சுத்தமாகப் பூஜ்யத்துக்கு வர வேண்டும். பூஜ்யத்துக்கு வராத தராசை எங்கள் தொழிலில் முதலில் ஓரமாக எடுத்து வைப்போம்.

இப்போது அவன் கேட்பது ஹேண்ட்பிரேக். டர்ட் ராலி ஓட்ட ஆரம்பித்திருக்கிறான், செம்மண் பாதையில் ஊசிமுனை வளைவுக்குள் காரின் பின்பக்கத்தைத் திருப்ப அது வேண்டும். அதற்காகவே பழைய கம்ப்யூட்டர் ஒன்றையும் தேடிக்கொண்டிருக்கிறான். கைக்கு அவ்வளவு விசை வராது, 50 கிலோ செல் போதும், நெம்புகோலின் நீளத்தைத்தான் யோசித்து வைக்க வேண்டும். படம் போட்டுவிட்டேன். வெல்டிங் பட்டறைக்காரர் தன் பையனுக்கும் சேர்த்து இரண்டாகப் போட்டுவிடலாம் என்கிறார்.